வாத்தியாருடைய கொல்லை

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பஸ்ஸில் போர்டு பார்த்து ஏறத் தெரியும். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லத் தெரியும். அந்த வாய்ப்பாட்டை நான் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கவில்லை. பரண் மேல் நின்று படித்தேன்.

கரியாலூருக்கு மேலே, சரிவில், எங்கள் சாமைக் கொல்லை. சாமை பால் பிடித்துவிட்டால் கிளிகளுக்கு யார் போய்ச் சொல்வார்களோ, பச்சையாக ஒரு மேகம் இறங்குவது போல வந்து உட்கார்ந்துவிடும். அந்தப் பருவத்தில் மலையில் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே வேலைதான். நாலு கால் நட்டுத் தழை போட்ட பரணில் ஏறிக்கொண்டு வாய் வலிக்கக் கத்த வேண்டும். காலையில் பனி மூடியிருக்கும். பக்கத்துக் கொல்லைப் பரண் தெரியாது. குரல் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து மிதந்து வரும். நான் இருப்பது மலையிலா, மேகத்திலா என்று எனக்கே சில நேரம் சந்தேகம் வந்துவிடும்.

அந்த வருஷம் நைனார்பாளையம் பக்கத்திலிருந்து புதுசாக ஒரு வாத்தியார் வந்திருந்தார். ஒல்லி ஆள். மலை ஏறும்போதே செருப்பு அறுந்துபோய், அதைக் கையில் பிடித்தபடியே வந்து சேர்ந்தவர். அவர் வந்து ஊர் பழகுவதற்குள் சாமை பால் பிடித்துவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் பரணுக்குப் போய்விட்டோம். ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தில் அவர் தனியாக உட்கார்ந்து பார்த்தார். பிறகு எங்கள் கொல்லைக்கே வந்துவிட்டார்.

"புள்ளய அனுப்புங்க" என்றார் அப்பாவிடம்.

"அனுப்பிட்டு? கிளிய நீங்க ஓட்டுவீங்களா சார்?"

"அறுப்பு முடிஞ்சதும் ஆபீசர் பாக்க வராரு. அன்னிக்குப் புள்ளைங்க இல்லன்னா பள்ளிக்கூடத்த மூடிடுவாங்க."

"மூடட்டும். ஆடு கட்டிக்கறோம்" என்றார் அப்பா.

வாத்தியார் நேராக வந்து பரணில் ஏறினார். பரண் ஆடியது. "ஊய்" என்று கத்தினார். சளி பிடித்த ஆட்டின் சத்தம் போல இருந்தது. ஒரு கிளிகூடத் தலையைத் திருப்பவில்லை. கீழே அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்குச் சத்தமா வரது இது ஒண்ணுதாம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கழுத்து நரம்பு புடைக்க, "ஓரெண்டு ரெண்டு!" என்றார்.

கிளிகள் அத்தனையும் விர்ரென்று எழும்பின. பனிக்குள்ளிருந்து பக்கத்துப் பரண், "ஈரெண்டு நாலு!" என்றது. அதற்கும் அப்பால் யாரோ அடுத்ததைச் சொன்னார்கள். அது எதிர்ச் சரிவில் மோதி இன்னொரு முறை திரும்பி வந்தது.

அன்று முதல் மலை முழுக்க வாய்ப்பாடுதான். அவர் ஒரு நாள் ஒரு பரணில் நிற்பார். மறுநாள் வேறொன்றில் நிற்பார். முகமே தெரியாமல் எண்கள் மட்டும் கொல்லை விட்டுக் கொல்லை பறந்துகொண்டிருக்கும். கிளி குறைந்ததும் அப்பாவுக்கு மரியாதை வந்துவிட்டது.

"சார், ராவுல பன்னி வருது. இன்னும் பெரிய வாய்ப்பாடா இருந்தா சொல்லிக் குடுங்களேன்."

பதிமூன்றாம் வாய்ப்பாட்டுக்குப் பன்றி நிற்காது என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சே கிளம்பியது. நானும் நம்பினேன்.

ஒரு சாயங்காலம் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தபோது வாத்தியார் கேட்டார். "படிச்சா டவுன்ல வேல கெடைக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. உனக்கு டவுனு வேணுமா?"

"வேணாம் சார்."

"அப்ப எதுக்குப் படிக்கற?"

இது ஒரு கேள்வியா? "கிளி ஓட்ட" என்றேன்.

அவர் வெகு நேரம் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுபோய், கதிர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பசிக்கிறது போல என்று நினைத்தேன்.

அறுப்பு முடிந்தது. பரணைப் பிரித்தோம். பள்ளிக்கூடத்து மணி அடித்தது. யாரும் போகவில்லை. கிளியே இல்லாதபோது வாய்ப்பாடு எதற்கு? ஆபீசர் வருகிற நாளும் வந்தது. மணி அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, வாத்தியார் எங்கள் களத்துக்கு ஓடி வந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

"ஜீப்பு கீழ வந்துகினு இருக்குது. ஏம்மா நீகூட வரல?"

"கதிரு அறுத்தாச்சே சார்" என்றேன். அவருக்கு அது தெரியாதோ என்று எனக்குப் பாவமாக இருந்தது.

அப்பாதான் முறத்தைக் கீழே வைத்தார். எங்கள் மலையில், இன்று நீ என் கொல்லைக்கு வேலைக்கு வந்தால் நாளை நான் உன் கொல்லைக்கு வர வேண்டும். அதற்கு மாத்து ஆள் என்று பேர். வேலை வாங்கிக்கொண்டு மாத்து ஆள் அனுப்பாத வீட்டில் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

"மனுசன் ஒரு போகம் பூரா நம்ம கொல்லையில தொண்ட கிழிய கத்திக்கினு நின்னாரு. அவரு கொல்லையில ஆளு இல்லியாம். இன்னாடி பாத்துகினு நிக்கற? ஓடு!" என்று அப்பா போட்ட சத்தம் அடுத்தடுத்த களங்களுக்கும் கேட்டது.

தலையில் வைக்கோல் தூசியோடு எல்லாப் பிள்ளைகளும் ஓடினோம். ஆபீசர் வாய்ப்பாடு கேட்டார். நாங்கள் எழுந்து நின்று, எதிர்ச் சரிவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னோம். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். நாலு சுவருக்குள் மெதுவாகப் பேசலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடத்தை மூடவில்லை.

அதன் பிறகு நான் ஒரு நாள் தவறாமல் போனேன். எழுத்து படித்தேன். என் பேரை எழுதினேன். அவர் எங்களுக்கு ஒரு போகம் உழைத்தார், நானும் அவருக்கு ஒரு போகம் உட்கார்ந்தேன். முதல் மழை விழுந்து அப்பா ஏர் பூட்டிய அன்று, வாத்தியாரிடம் போய் முறையாகச் சொன்னேன்.

"சார், கணக்கு நேராயிடுச்சி. நாளையிலருந்து எங்க கொல்லையில வேல இருக்குது."

"இன்னும் கொஞ்ச நாளு இரேம்மா."

"இல்ல சார். ஜாஸ்தி செஞ்சா அப்பறம் நீங்க வந்து செய்யணும்."

அவர் "ரொம்ப ஒத்தாசம்மா" என்று வாசல் வரைக்கும் வந்து, பெரிய ஆளை அனுப்புவது போல என்னை அனுப்பிவைத்தார். தூறலில் நான் நிமிர்ந்து நடந்தேன். வேலை சுத்தமாக முடித்துக் கொடுத்த ஆளின் நடை. ஓர் இடத்தில் திரும்பிப் பார்த்தபோதும் அவர் நனைந்துகொண்டு அங்கேயேதான் நின்றிருந்தார். நல்ல ஆளை விட மனசில்லை போல என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக் கொல்லை உண்மையில் யாருடையது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.