ராணிக்குத் துணையாகக் கப்பலேறினேன்

வியாழக்கிழமை காலை ஐந்தே கால் மணிக்கு, மட்டக்களப்புப் புளியந்தீவில் எங்கள் வீட்டுப் படலைக்கு முன்னால் லொறி வந்து நின்றது. என் தோல் பெட்டி மறுபேச்சின்றி ஏறிக்கொண்டது. ராணிதான் நான்கு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு மாட்டேன் என்றாள்.

ராணி எங்கள் வீட்டு நாய். நல்ல ஊர்ச்சாதி, மண்ணிறம், வலக்காது மட்டும் மடிந்து கிடக்கும். என் மனைவி ஞானம் மூன்று மாதத்துக்கு முன் தாதிமாருக்குக் கற்பிக்கும் பயிற்சிக்காகச் சென்னை போனாள். இரண்டு வருடப் படிப்பு. அவள் போன அன்றிலிருந்து ராணி சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். ஞானத்தின் சாய்கதிரைக்கு அடியில் படுத்துக்கொண்டு, நான் வைத்த சோற்றைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். சமையல் என்னுடையது என்பதால் முதலில் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. விலா எலும்பு தெரியத் தொடங்கியதும் மிருக வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அவர் தடுப்பூசி போட்டு, சான்றிதழ் எழுதித் தந்துவிட்டு, "மாஸ்டர், இவக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்ல. ஆளக் காணாத கவலை. இப்படியே விட்டா ஒரு மாசம் தாங்காது" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன். ஒரு மாதம் என்றால் எத்தனை நாள் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்தேன்.

விமானம் சுலபம்தான். ஆனால் நாயை மரப்பெட்டிக்குள் அடைத்து, ஆணியடித்து, பொதிகளோடு போடுவார்களாம். தலைமன்னார் வழி போகலாமே என்று கேட்பீர்கள். ஒரு ரயில், அப்புறம் இன்னொரு ரயில், கப்பல், அக்கரையில் மறுபடியும் ரயில். ஒவ்வொரு ரயிலிலும் நாய்க்கு உரிய இடம் கார்ட் பெட்டியின் கூண்டு. அந்த உடம்போடு அவளைக் கூண்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. திருகோணமலையில் சரக்கு இறக்கிவிட்டுச் சென்னைக்குத் திரும்பும் கப்பல் ஒன்று வெள்ளிக்கிழமை போகிறது, பயணிகளுக்கு ஆறு அறை உண்டு, நாயை மேல்தட்டில் கட்டி வைக்கலாம் என்று கேள்விப்பட்டதும் டிக்கெட் எடுத்து, 'ராணி வருகிறாள்' என்று ஞானத்துக்குத் தந்தியும் அடித்துவிட்டேன்.

பஸ்ஸில் நாய் ஏற்றமாட்டார்கள். அதனால்தான் லொறி. காத்தான்குடி மீராலெப்பைக் காக்கா சாரமும் படுக்கை விரிப்பும் ஏற்றிக்கொண்டு மாதம் இருமுறை மூதூருக்கும் திருகோணமலைக்கும் போகிறவர். நெய்த துணி வியாபாரம். காக்கா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் அண்ணன். லொறியை ஓட்டுவதும் அவரே. மார்க்க முறைப்படி நாயின் எச்சில் படக்கூடாது என்பதில் கறாரான மனிதர். ஒரேயொரு நிபந்தனை போட்டார்.

"சேர், நாய் பின்னுக்கு. நீங்களும் பின்னுக்கு. அதுட மூக்கு என்ட துணியில படப்படாது. மத்தப்படி அது என்ட விருந்தாளி."

துணி மூட்டைகளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு தகர வேலியே கட்டியிருந்தார். நான் ராணியைத் தூக்கி ஏற்றினேன். பாவம், தூக்கப் பாரமே இல்லை.

ஆறு மணி. செங்கலடிச் சந்தி, பத்து மைல். சந்தைக்கு வந்த மாட்டுவண்டிகளுக்கு இடையில் லொறி நின்றது. தேநீர்க் கடையில் எனக்கு இடியப்பமும் சொதியும், ராணிக்குச் சிரட்டையில் எருமைத் தயிரும் வாங்கினேன். தயிர் என்றால் ஒரு காலத்தில் சட்டியையே கவிழ்ப்பவள். இப்போது முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைக்காரருக்கு ரோசம் வந்துவிட்டது.

"இண்டைக்குக் காலத்தால உறைஞ்ச தயிர் அது! எங்க கொண்டு போறீங்க இவவ?"

"சென்னைக்கு."

"ஏன், அங்க நாயில்லையா?"

இந்தக் கேள்வியை அன்று முழுவதும் எல்லோரும் கேட்டார்கள். இரண்டாம் முறை சிரித்தேன். ஐந்தாம் முறைக்கு மேல் "அங்கே இருப்பதெல்லாம் பூனையாம்" என்று சொல்லத் தொடங்கினேன்.

ஏழு மணி. ஓட்டமாவடிப் பாலம். ஒரே பாலத்தில் ரயிலும் போகும், மாட்டுவண்டியும் போகும், ஆனால் நல்லவேளையாகச் சேர்ந்து போகாது. சரக்கு ரயில் ஒன்று வரக் காத்திருந்தோம். கீழே வாவித் தண்ணீர் அசையாமல் கிடந்தது. தோணிக்காரர் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். ரயில் இரைச்சலோடு வந்ததும் ராணி என் இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் தலையைச் செருகிக்கொண்டாள். மூன்று மாதமாக என்னைக் கண்டுகொள்ளாதவள். சொன்னால் வெட்கம், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கப்பால் தார் குறைந்து மணல் கூடியது. பனிச்சங்கேணியைத் தாண்டினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் லொறி. வாகரையில் ஒன்பதரை. நாற்பது மைலுக்கு நான்கு மணி நேரமும் கொஞ்சமும். கருவாட்டு வாசனையைப் பிடித்துக்கொண்டு ராணி மூக்கை உயர்த்தினாள். நம்பிக்கையோடு ஒரு துண்டு வாங்கி நீட்டினேன். நக்கிப் பார்த்தாள், விட்டுவிட்டாள். நக்கினாளே என்று நான் சந்தோசப்பட்டேன்.

பத்தரை மணி. வெருகல் ஆறு. இங்கே பாலம் கிடையாது, 'பாதை'தான் உண்டு. பாதை என்று எங்கள் பக்கம் சொல்வது பலகை அடித்த பெரிய மிதவையை. கரைக்குக் கரை கட்டிய கம்பியைப் பிடித்து நாலைந்து பேர் இழுப்பார்கள். லொறி முதலில் ஏற வேண்டும், ஆட்கள் இறங்கி நடந்து ஏற வேண்டும். நானும் இறங்கி ராணியை இழுத்தேன். பலகை ஆடியது. அவள் பின்வாங்கிய வேகத்தில் கயிறு என் கையை விட்டு நழுவியது.

கரையோரம் புதர் மண்டிய அலம்பல் காடு. அதற்குள் புகுந்தால் தேடிப் பிடிக்க ஒரு நாள் போகும். கப்பலுக்கு ஒரு நாள்தான் இருந்தது. நான் கத்தியபடி ஓடினேன். எனக்கு முன்னால் ஒரு கால் பாய்ந்து கயிற்றின் நுனியை மிதித்தது. மீராலெப்பைக் காக்காவின் கால். சாரத்தை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் நிற்கும் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றார்.

"சுறுக்கா வாங்க சேர்! அது என்ட பக்கம் கிறுகிப் பாக்குது! கிட்ட வந்தா நான் கயித்த உட்டுட்டு ஓடிருவன்!"

பாதை இழுக்கிறவர்கள் கம்பியை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். ராணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்தேன்.

மூதூரில் லொறியை ஒரு உறவினர் வளவில் விட்டுவிட்டு, துணி மூட்டைகளோடு காக்காவும் எங்களோடு மாலை லாஞ்சில் ஏறினார். கொட்டியாரக்குடாவைக் கடக்க ஒன்றேகால் மணி நேரம். தலைக்கு ஐம்பது சதம், நாய்க்கும் அதே. அன்றிரவு திருகோணமலையில் தங்கினோம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் துறைமுகச் சுங்க அலுவலகம் போனேன். நான்கு மணிக்கு ஏணியை எடுத்துவிடுவார்கள். கையில் நகரசபை நாய் அனுமதிப் பத்திரம், வைத்தியர் சான்றிதழ், இரண்டும் சுத்தம். யாழ்ப்பாணத்து அதிகாரி ஒருவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டையும் படித்தார்.

"மாஸ்டர், உங்கடை பேர் என்ன?"

சொன்னேன்.

"இதிலை நாயின்ரை சொந்தக்காரர் எண்டு வேறை ஆளின்ரை பேரெல்லோ கிடக்கு. ஞானம்மா. ஆர் அவ?"

"என் மனைவி. சென்னையில் இருக்கிறாள்."

"அப்ப இது உங்கடை நாய் இல்லை."

இல்லை என்று எப்படிச் சொல்வது, ஆம் என்று எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம். கிணறு, தென்னை, மாடு, மாடு போட்ட கன்று எல்லாம் அவள் பெயரில். ராணி பிறந்தது ஞானத்தின் வீட்டு நெற்பெட்டிக்குப் பின்னால். நகரசபை எழுதுவினைஞர் "சொந்தக்காரர்?" என்று கேட்டபோது, நான் யோசிக்காமல் ஞானத்தின் பெயரைச் சொன்னேன், அவரும் யோசிக்காமல் எழுதினார். வைத்தியர் அதைப் பார்த்து எழுதினார். மூன்று படித்த மட்டக்களப்பார் சேர்ந்து செய்த காரியம். கடல் கடக்கும் நாயோடு சொந்தக்காரர் இருக்க வேண்டும், அல்லது அவருடைய எழுத்து இருக்க வேண்டும் என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

"ஐயா, வீடே என்னுடையது இல்லை" என்றேன்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. "நான் என்ன செய்ய, மாஸ்டர்? சட்டம். மனிசியிட்டை எழுதி எடுப்பிச்சுக்கொண்டு அடுத்த கப்பலிலை போங்கோ."

அடுத்த கப்பல் ஆறு வாரத்துக்குப் பிறகு. ராணி மேசைக்கடியில் சிமெந்துத் தரையில் படுத்திருந்தாள். முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

வழியனுப்ப வந்திருந்த காக்கா வாசலில் நின்றார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, சேர் மெய்தான் சொல்றாரு. எங்கட ஊரிலயும் அப்படித்தான். எனக்கு நாலு பொம்புளப் புள்ள, நாலு ஊடு கட்டினன். ஒண்டும் என்ட பேரில இல்ல. லொறி ஒண்டுதான் என்ட பேரு. அதையும் நாலாவது மருமகன் பாத்துக்கிட்டு இரிக்காரு."

அதிகாரி சிரிப்பை அடக்க இருமினார். "அதெல்லாம் சரி. எழுத்திலை ஏதும் வேணுமே."

காக்கா என் பக்கம் திரும்பினார். "சேர், அவ கடிதம் கிடிதம் ஒண்டும் எழுதல்லையா?"

எழுதியிருந்தாள். போன வாரம் வந்தது, சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. அதைக் கொடுக்க எனக்கு இஷ்டம் இல்லை, காரணம் அதில் எழுதியிருந்த விஷயம். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. ராணியைப் பார்த்தேன். கடிதத்தை நீட்டினேன்.

ஊரில் இருந்தபோது ஞானம் அனுமதிப் பத்திரத்தில் போட்டிருந்த கையெழுத்தையும் கடிதக் கையெழுத்தையும் அதிகாரி ஒப்பிட்டார். கோப்பில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று தட்டெழுத்தரைக் கூப்பிட்டு, வாய்விட்டு வாசித்தார்:

"உங்களுக்கு லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, நீங்கள் பிறகு ஆறுதலாக வரலாம். ராணியை மட்டும் யாரிடமாவது கொடுத்து உடனே கப்பலில் அனுப்புங்கள். பிளேனில் போட்டால் நான் உங்களோடு கதைக்கமாட்டேன்."

அலுவலகத்தில் தட்டெழுத்துச் சத்தம் நின்றுவிட்டது. காக்கா கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அதிகாரி மெதுவாக முத்திரையை எடுத்தார். "யாரிடமாவது எண்டு அவ தெளிவாய் எழுதியிருக்கிறா. அந்த யாரிலை நீங்களும் அடங்குவியள், மாஸ்டர்." குத்தினார். "ஓடுங்கோ!"

ஓடினேன். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க ராணியும் நானும் ஏணியில் ஏறினோம். கரையில் காக்கா கையாட்டினார். நாய்க்கா எனக்கா என்று கேட்கவில்லை. முந்திய நாள் விடியற்காலை வரை நான் அவரை வெறும் லொறிக்காரராகத்தான் அறிந்திருந்தேன்.

கப்பலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, ஏனென்றால் நான் அதிகம் பார்க்கவில்லை. திருகோணமலை வெளிச்சவீடு மறைந்ததும் எனக்குக் குமட்டலும் சத்தியும் தொடங்கின. சனிக்கிழமை முழுவதும் மேல்தட்டில் ஒரு கயிற்றுச் சுருளில் சாய்ந்து கிடந்தேன். ராணிக்குக் கடல் ஒன்றும் செய்யவில்லை. காற்றில் மடிந்த காது நிமிர, கப்பலையே வாங்கியவள் மாதிரி நின்றாள். கப்பல் சமையற்காரர் வந்து, "நோயாளி நாய் என்றார்களே, எது?" என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கொடுத்த மீன் துண்டில் பாதியை அவள் தின்றாள். மற்றப் பாதியை என் காலடியில் கொண்டுவந்து வைத்தாள். அவள் தந்ததைத் தின்னும் நிலையில் நான் இல்லை, ஆனால் அவள் தலையில் கை வைத்தபடி நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சென்னைத் துறைமுகம். வேலிக்கப்பால் வெள்ளைச் சேலையில் ஞானம். ராணி போட்ட சத்தத்தில் சுமைகூலிகள் மூட்டையை இறக்கிவைத்துப் பார்த்தார்கள். ஞானம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கையில் கொண்டுவந்திருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறும் போயிற்று. அவள் அழுதுகொண்டே ஊட்டினாள். கடைசியில்தான் நிமிர்ந்து என்னைக் கண்டாள்.

"நீங்களும் வந்திட்டீங்களா! என்ன இப்படி மெலிஞ்சு போனீங்க?"

அந்த இட்லியில் ஒன்று, ஒருவேளை நானும் வந்தால், எனக்குத்தானாம்.

சென்னை பெரிய ஊர். ட்ராமும் ரிக்‌ஷாவும் போன தெருவில் எங்களுக்கு ஒரு சின்ன வாடகை வீடு. வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் என்று என் பெயரை எழுதினார். என் பெயரில் ஒரு வீடு, வாழ்க்கையில் முதல் தடவை. அன்று முழுவதும் எனக்கு அது அளவு பிழையான சட்டை போட்ட மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் ஒருவன் மனைவியின் வீட்டில் இருப்பதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. இங்கே அதைச் சொன்னால் பாவம் பார்க்கிறார்கள்.

மறுநாள் நாய்க்குப் புதிய அனுமதி எடுக்க மாநகராட்சி அலுவலகம் போனேன். "ஓனர் பேரு?" என்றார் எழுத்தர். ஞானத்தின் பெயரைச் சொன்னேன். "உங்க பேரைப் போட்டுட்டா சுலபம் சார். ஊருக்குத் திரும்பிப் போறப்போ சிக்கல் வராது."

சுலபம்தான். அது எவ்வளவு சுலபம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? "நாய் அவளுடையது. அவள் பேரையே போடுங்கள்" என்றேன்.

ஆனால் கணக்கு வாத்தியார் ஒரே கணக்கில் இருமுறை பிழைவிடக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் ஞானத்திடம் ஒரு தாளும் பேனாவும் நீட்டி, திரும்பும் பயணத்துக்கு இப்போதே ஒரு எழுத்துத் தரும்படி கேட்டேன். "யாரிடமாவது என்று போடாதே. என் பெயரைப் போடு."

அவள் பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசித்தாளே என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு குனிந்து, வட்ட வட்டமான எழுத்தில், என் முழுப் பெயரையும் தகப்பன் பெயரோடு எழுதினாள். "என் நாயை இவரிடம் மட்டுமே கொடுக்கவும்" என்று முடித்துக் கையெழுத்திட்டாள்.