ஷெரினின் பந்தயப் பூட்ஸ்

அடுத்தவர் காலைப் பிடித்துப் பிழைக்கிறவர்கள் நிறைய பேர் உண்டு. வேலை ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதி வாங்கியவன் நான்தான். துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கும் பனிச்சறுக்குக் கூடத்தில் பந்தயப் பிள்ளைகளுக்குப் பூட்ஸ் பொருத்துவது என் டியூட்டி. அடுத்தவர் தப்புக்குத் திட்டு வாங்கும் சகாக்களே, பதிமூன்று வயது ஷெரினால் என் வேலை ஆட்டம் கண்ட வாரத்தைக் கேளுங்கள். அவளுக்குச் சனிக்கிழமை அணித் தேர்வு. போன வருடம் மயிரிழையில் தவறவிட்டிருந்தாள்.

அப்பாவின் பிரேக்

பனிச்சறுக்கில் இடது பக்கம் திரும்ப வலது காலில் பாரத்தை இறக்க வேண்டும். ஷெரினின் அப்பா டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மகள் இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் வலது காலைத் தரையில் அழுத்துவார். நீங்களும் நன்றாகக் கற்றுக்கொண்டீர்களே என்று பாராட்டினேன்.

"நான் எங்க படிச்சேன்? வளைவு வந்தா கால் தன்னால பிரேக்குக்குப் போவுது."

திரையில் முட்டி

பந்தயப் பாதையில் நட்டிருந்த ஒவ்வொரு கொடியிலும் ஷெரின் கண்ணிமைக்கும் நேரம் தாமதமாகத் திரும்பினாள். ஆஸ்திரியாக்காரக் கோச் வீடியோவை நிறுத்தி நிறுத்தி இடுப்பு, முட்டி, கணுக்கால் எல்லாவற்றுக்கும் கோடு போட்டார். கோணமெல்லாம் சரி. கணைக்கால் எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்தினால் அந்த நொடியே சறுக்குக் கட்டையின் விளிம்பு பனியைக் கடிக்க வேண்டும். இவளுடைய அழுத்தம் வழியில் எங்கேயோ தொலைந்தது.

உடம்பு சரியென்றால் பூட்ஸ் தப்பு. பூட்ஸ் தப்பென்றால் நான் தப்பு. மூன்று முறை அளந்தேன், கச்சிதமாகத்தான் இருந்தது. கோச் குரலை உயர்த்தவேயில்லை.

"சனிக்கிழமை அவள் தோற்றால், ஞாயிற்றுக்கிழமை நீ வாடகை ஹெல்மெட் துடைக்கலாம்."

பூட்ஸுக்குள்ளே

தேர்வில் முதல் சுற்று சொதப்பல். இன்னும் ஒரே சுற்று. கால் மரத்துவிட்டது என்று ஷெரின் அழுதாள். பூட்ஸைக் கழற்றினேன். அளவெடுக்க வரும்போது மெல்லிய சாக்ஸ் ஒன்றோடு வருகிறவளுக்கு இப்போது உள்ளே மூன்று ஜோடி, அதில் ஒன்று கம்பளி. தொலைந்த அழுத்தத்தை இந்த மெத்தைதான் விழுங்கியிருக்கிறது. கால் மரக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல, குளிர்தான் காரணமென்று அம்மா ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றியிருக்கிறார். இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் மரத்திருக்கிறது. கழற்றமாட்டேன் என்று அம்மாவிடம் ப்ராமிஸ் வேறு செய்திருக்கிறாள்.

ப்ராமிஸை மீறி ஒரே சாக்ஸோடு இறங்கினாள். அணியில் கடைசி இடம்தான், ஆனாலும் இடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அம்மா ஓடிவந்து மகளின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"பேண்டேஜ இறுக்கிக் கட்டாதீயன்னு வார்டு முழுக்கச் சொல்லுகவ நான்தான் தம்பி, சொந்தப் பிள்ளைன்னா படிச்சதெல்லாம் மறந்து போவுது."

இப்போதெல்லாம் பந்தயத்துக்கு ஒரு பிள்ளை வந்தால், அம்மா நர்ஸா என்று கேட்டுவிட்டுத்தான் சாக்ஸை எண்ணுகிறேன்.