சுவர் வெடிப்பில் உண்ணி

தலைச்சோலையில் காப்பி பறிக்கும் வெள்ளையம்மா, மகளின் காதோரம் கடித்திருந்த உண்ணியை இடுக்கியால் பிடித்து, நசுக்காமல் இழுத்தெடுத்தாள்.

“எல்லாம் இந்த நாயாலதான்,” என்ற கணவன் அங்கப்பன், நாய் மணியை வண்டியில் கொண்டுபோய் வாழவந்தியில் விட்டுவந்தான். மகளுக்குக் காய்ச்சல் வருமோ என்ற பயத்தில் வெள்ளையம்மாவும் தடுக்கவில்லை.

ஆனால் மறுவாரமும் மகளை உண்ணி கடித்தது. கட்டிலை நகர்த்திப் பார்த்தாள். சுவர் வெடிப்பெல்லாம் உண்ணிகள் அப்பியிருந்தன. மருந்தடித்து, வெடிப்பைப் பூசி, வாசல் புல்லையும் வெட்டினாள்.

பிறகு மணியைத் தேடி வாழவந்திக்குப் போனாள். பஸ் நிறுத்தத்திலேயே பட்டினியாகக் கிடந்து செத்துப்போனதாக டீக்கடைக்காரர் சொன்னார்.

“நாய்க்கும் மருந்து போட்டிருந்தா ஊட்டுலயே இருந்திருக்குமுங்களே,” என்றாள், வீடு திரும்பியதும் அங்கப்பனிடம்.

“நொம்பத்தான் அழுவாத. வேற நாய் வாங்கிக்கலாம்,” என்றான் அவன்.

அவள் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.