மூன்று நாள் பின்தங்கிய பட்டியல்

சமையலறைத் தராசுக்கு இன்று காலை பேட்டரி மாற்றினேன். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வட்டப் பேட்டரி. பழையது உள்ளங்கையில் விழுந்ததும் பயந்து அதை மேடைமேல் போட்டுவிட்டேன். இதற்கெல்லாம் பயப்படுகிற ஆளா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். இந்த அளவிலுள்ள ஒன்று தீர்ந்துபோனதால், ஒரு கொட்டகைக் கோழி முழுவதையும் சாகக் கொடுக்கப் பார்த்தவன் நான்.

எருமப்பட்டிச் சாலையில் ஒரு கோழிப்பண்ணை. அங்கே கணினியில் உட்காருவதுதான் என் முதல் வேலை. முதலாளி வீட்டின் முன்னறையே அலுவலகம். முதலாளியின் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பழைய சேலையில் கணினிக்கு உறை தைத்துப் போட்டிருந்தார். திரையின் தலையில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தனப் பொட்டும் உண்டு. இருந்தும் தீவனத்தில் கலக்கும் கருவாட்டுத் தூள் எப்படியோ விசைப்பலகைக்குள் போய்விடும். கையை எத்தனை முறை கழுவினாலும் என் தயிர்ச்சோற்றில் கருவாடு மணக்கும்.

காலை வேலைகளுக்கு ஒரு வரிசை வைத்திருந்தேன். உறையை நான்காக மடித்து நாற்காலி முதுகில் போடுவேன். அச்சுப்பொறித் தாள் பறக்காதபடி மின்விசிறியைத் திருப்புவேன். பிறகுதான் கணினி. உள்ளிருந்த பேட்டரி தீர்ந்திருந்ததால் ஒவ்வொரு நாளும் அது தேதியை மறந்துவிடும். மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் தேதியைத் தட்டினால் வேலை ஓடுகிறதே. திரைக்கு நேர் மேலே தினசரி நாட்காட்டி தொங்கியது. அக்கா விளக்கேற்றிவிட்டு அதில் தாள் கிழிப்பார். என் கண் மேலே போகும், விரல் தட்டும். மூளைக்கு அதில் பங்கில்லை.

அந்தத் தேதியை வைத்து ஒவ்வொரு கொட்டகைக் குஞ்சுக்கும் எத்தனை நாள் வயது என்று கணினி எண்ணும். இன்று எந்தக் கொட்டகைக்குத் தடுப்பு மருந்து என்று பட்டியல் அடிக்கும். மேற்பார்வையாளர் செல்லமுத்தண்ணன் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார்.

சித்தி மகன் கல்யாணத்துக்காக ஜலகண்டாபுரம் போயிருந்தேன். போகுமுன் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் பட்டியலையும் முன்கூட்டியே அடித்து அண்ணனிடம் கொடுத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. திங்கள் காலை வந்தேன், உறையை மடித்தேன், தேதி தட்டினேன், பட்டியல் அடித்தேன். அண்ணன் வாங்கிக்கொண்டு போனார்.

கணக்கு வேலைகளை முடித்து, இரண்டு மணி நேரம் கழித்து நாட்குறிப்பைத் திறந்து 'திங்கள்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். நாட்காட்டியில் வெள்ளிக்கிழமை.

தாளைக் கிழிக்கக் கை நீட்டினேன். காப்பி கொண்டுவந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, அதுல கை வெக்காதீங்க. வெள்ளிக்கெழமெ பங்காளி ஊட்டுல பெரியவரு தவறிட்டாருங்க. தீட்டு. சாமி படம் போட்டதுங்கறதால நாங்க யாருமே கிழிக்கல."

காப்பியை வாங்காமல் ஓடினேன்.

எருமப்பட்டிப் பக்கம் ஒரு பண்ணையில் வெள்ளைக் கழிச்சல் வந்திருப்பதாக அந்த வாரம்தான் பேச்சு. அந்த நோய் கொட்டகைக்குள் வந்தால் கோழிகள் கழுத்து திருகிக்கொண்டு கொத்துக் கொத்தாகச் சாகும். அன்று அதற்கு மருந்து வேண்டியது ஐந்தாம் கொட்டகைக்கு. நான் அடித்த தாளில் இருந்தது, வெள்ளிக்கிழமையே மருந்து குடித்த மூன்றாம் கொட்டகை.

மூன்றாம் கொட்டகையில் தண்ணீர்க் கிண்ணங்கள் வெளுத்திருந்தன. பால்பவுடரும் ஐஸ்கட்டியும் போட்டுக் கலக்கிய மருந்துத் தண்ணீர். பட்டியல் வந்ததிலிருந்து தாகத்தில் வைத்திருந்த குஞ்சுகள் அதை முட்டிமோதிக் குடித்துக்கொண்டிருந்தன.

"ஏனுங்க சார், நாய் எதாச்சும் தொரத்துதுங்களா?" என்றார் செல்லமுத்தண்ணன்.

நான் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார்.

"வெள்ளிக்கெழமெ ஊத்துன செட்டாச்சேன்னு எனக்கும் ஒரு ரோசனை வந்துச்சுங்க."

"அப்பறம் ஏண்ணா கேக்கல?"

"அச்சுல வந்திருக்குதுங்களே. மிசின் தப்பாச் சொல்லுமுங்களா? நாம மறந்துட்டமாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன்."

தாளில் ஒரு கண்ணும் குஞ்சுகள்மேல் ஒரு கண்ணுமாக நின்றோம். மூன்றாம் கொட்டகைக் குஞ்சுகளுக்குப் பெரிய கெடுதல் வராது என்றார் அவர். ஐந்துக்குத்தான் மருந்து இல்லை. புட்டிகள் எல்லாவற்றையும் இங்கே கரைத்தாயிற்று. நாமக்கல்லிலிருந்து ஐஸ்பெட்டியில் வரவழைத்து மறுநாள் காலைதான் கொடுக்க முடிந்தது. முதலாளி திட்டவில்லை. "பத்து நாளு பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

அந்தப் பத்து நாளும் கணினிக்கு முன் ஐந்தாம் கொட்டகைக்குத்தான் போனேன். வாசலில் நின்று முதலில் சத்தத்தைக் கேட்பேன். சத்தம் குறைவாக இருப்பதாகவே தினமும் தோன்றும். ஆறாம் நாள் ஒரு குஞ்சு மூலையில் கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. என்னால் கிட்டே போக முடியவில்லை. அண்ணன் குனிந்து தூக்கினார்.

"கம்பியில காலு மாட்டிக்கிச்சுங்க சார். இதுக்கு ஒண்ணுமில்ல. உங்க மூஞ்சிதான் சீக்கு வந்த கோழியாட்டம் இருக்குது."

பத்து நாள் கழிந்தது. ஒன்றும் ஆகவில்லை. என் திறமையால் அல்ல. நோய் எங்கள் பண்ணை வரை வரவில்லை, அவ்வளவுதான். வந்திருந்தால் என்ன என்ற கேள்வி மட்டும் இத்தனை வருடமாக என்னைவிட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு செல்லமுத்தண்ணன் தாளை அப்படியே வாங்கியதில்லை. மேசைக்கு எதிரே நிற்பார். "படிங்க சார்" என்பார். கிழமை, கொட்டகை, மருந்து என்று நான் உரக்கப் படிக்க வேண்டும். அவர் திருப்பிச் சொல்வார். பொருந்தாவிட்டால், "அப்பிடீங்களா?" என்று இழுப்பார். அந்த இழுவையைக் கேட்டதும் மறுபடி பார்ப்பேன். இரண்டு முறை உண்மையிலேயே தவறு அகப்பட்டது.

அவர் இப்போது இல்லை. பண்ணை இருந்த இடத்தில் மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். நான் ஒரு தீவன நிறுவனத்தில், இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் பண்ணைக்கு எந்த மருந்து கலந்த தீவனம் என்ற பட்டியலைக் காலை ஏழு மணிக்கு ஓட்டுநர்களின் கைபேசிக்கு அனுப்புகிறேன்.

இன்றும் அனுப்பினேன். ஒரு நிமிடத்துக்குள் பதினொரு பேரிடமிருந்தும் கட்டைவிரல் படம் வந்துவிட்டது. பட்டியல் நான்கு பக்கம்.