கேள்விக்காரம்மா சொல்லாமல் விட்ட பாதி

கேள்விக்காரம்மா என்று தெரு கூப்பிடுவது அவளுக்குப் பிடிக்காது. பத்தொன்பது வருடம் நர்ஸாக இருந்து, ஊரில் உள்ள புண்களுக்கெல்லாம் கட்டுப் போட்டவளுக்குக் கடைசியில் வாயை வைத்துப் பெயர் வந்ததில் மனக்குறைதான். ஆனால் அதில் தெருவின் மேல் தப்பில்லை. சுகாதார நிலையத்தின் மேலிடத்துக்கு ஒருநாள் திடீரென்று ஞானம் பிறந்தது: நோய் உடம்பில் மட்டும் இல்லை, வீட்டிலும் இருக்கிறது. தெருவில் போகிற யாரைக் கேட்டிருந்தாலும் இலவசமாகச் சொல்லியிருப்பார்கள். மேலிடம் யாரையும் கேட்கவில்லை. இருபத்திரண்டு கேள்விகளைப் படிவமாக அச்சடித்து, "நீ போய்க் கேள்" என்று அவளிடம் கொடுத்துவிட்டது.

தினமும் அடுப்பு எரிகிறதா, கூரை ஒழுகுகிறதா, பார்த்துக்கொள்ள ஆள் உண்டா. கட்டுப் பிரித்துக்கொண்டே கேட்பாள். "எல்லாம் இருக்கும்மா" என்பார்கள். இரண்டு நாள் சாப்பிடாதவர்தான் அதை எல்லோருக்கும் முந்திச் சொல்வார்.

பெயிண்டரும் அப்படித்தான் சொன்னார். ஐம்பத்தாறு வயது. வலது பாதத்தில் மூன்று மாதமாக ஆறாத புண். இன்சுலின் போட்டும் சர்க்கரை நானூறைவிட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. டாக்டர் அளவைக் கூட்டினார். பிறகு இன்னும் கூட்டினார்.

"ஒழுங்கா போட்டுக்கிறாரான்னு பாருங்க சிஸ்டர். சர்க்கரை இறங்கலன்னா கால எடுக்க வேண்டியதுதான்."

ஏணியில் நின்று பிழைக்கிறவருடைய கால் அது. அவள் அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போனாள்.

வீடு என்பது ஓர் அறை. முன்பக்கம் வீட்டுக்காரர் இருக்க, பின்பக்கத்தில் தகரக் கூரை போட்டு ஒட்டவைத்தது. வாழ்நாள் முழுக்க ஊரார் சுவருக்கு நிறம் கொடுத்தவரின் சுவரில் காரை பெயர்ந்து செங்கல் பல்லிளித்தது.

"மருந்த எங்க வெக்கிறீங்க?"

"பத்திரமா இருக்கும்மா."

பத்திரமான இடம், கூரைக்கு ஒரு முழம் கீழே ஒரு பலகை. அதன் மேல் சில்வர் டப்பா. தொட்டவள் சட்டென்று விரலை எடுத்துக்கொண்டாள். உள்ளே மருந்து கலங்கிப்போயிருந்தது.

"மூணு மாசமா வெந்நீரத்தான் குத்திக்கிட்டு இருந்திருக்கீங்க."

"பானைத் தண்ணியில வெச்சுப் பாத்தோம்மா," என்றாள் பெயிண்டரின் மனைவி. "மத்தியானமானா பானையும் சேர்ந்து கொதிக்குது."

"முன்னாடி வீட்டுல ஃபிரிட்ஜ் இருக்குமே?"

"சீக்காளின்னு தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிருவாங்க," என்றார் பெயிண்டர், குரலைத் தாழ்த்தி.

சுகாதார நிலையத்தில் வைக்கலாம் என்றால், காலை ஊசி நேரத்தில் அது திறந்திருக்காது, இரவு ஊசி நேரத்தில் மூடியிருக்கும். ஆனால் இதற்கென்றே ஒரு திட்டம் இருந்தது. படிவத்தில் தேவை என்று பதிந்தால், ஒரு குழு வந்து வீட்டைப் பார்க்கும். உண்மை என்றால் சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று வந்து சேரும். நிபந்தனை ஒன்றே ஒன்று. குழு என்றைக்கு வருகிறது, எதற்கு வருகிறது என்று நோயாளியிடம் மூச்சு விடக் கூடாது. விட்டால் ஜனங்கள் இருக்கிற சாமானை ஒளித்துவைத்து ஏமாற்றிவிடுவார்களாம். விதி எழுதியவர்கள் ஜனங்களைத் தங்களைப் போலவே நினைத்திருக்கிறார்கள்.

கேள்விக்காரம்மா தேவை என்று பதிந்தாள். ஆனால் விதியை மீறினாள். வீடு பூட்டியிருந்தால் கோப்பை மூடிவிடுவார்கள் என்ற பயம். குழு வருவதற்கு முதல் நாள் காலையிலேயே போன் செய்தாள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு ரெண்டு பேரும் வீட்டுல இருங்க. ஆபீஸ்லருந்து மூணு பேரு வர்றாங்க."

"எதுக்கும்மா?"

"அத நான் சொல்லக் கூடாது. வீட்டுல இருங்க, போதும்."

நாளைச் சொன்னாள், காரணத்தைச் சொல்லவில்லை. பாதி விதியை மீறி, மீதிப் பாதிக்கு விசுவாசமாக இருந்தாள்.

மறுநாள் குழுவோடு அவள் தெருவில் திரும்பும்போதே புதுப் பெயிண்ட் வாசனை முகத்தில் அடித்தது.

அறை இளம் பச்சையில் ஜொலித்தது. பல வீடுகளின் மிச்சப் பெயிண்டை ஒன்றாகக் கலக்கி, புண்காலோடு ஒரு பகல் முழுக்க முக்காலியில் நின்று அடித்திருக்கிறார். விருந்தாளிகளுக்கு மூன்று நாற்காலிகள், மூன்றும் மூன்று வீட்டு இரவல். மூலையில், தலையில் பூப்போட்ட துணியோடு, ஆளுயர ஃபிரிட்ஜ்.

குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஃபிரிட்ஜ் இருக்கே."

"இருக்குங்க சார்," என்றார் பெயிண்டர், நிமிர்ந்து நின்றபடி. "ரொம்ப நாளாவே இருக்கு."

மனைவி ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து, அதற்குள்ளிருந்து சில்லென்று ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். கால்மணி நேரத்துக்கு முன்னால் கடையில் வாங்கி வைத்தது. தலைவர் அண்ணாந்து குடித்தார். வெயிலில் வந்தவருக்கு இதமாக இருந்திருக்கும்.

கேள்விக்காரம்மாவின் கண் ஃபிரிட்ஜின் பின்னால் போனது. வயர் தரையில் கிடந்தது. நுனியில் பிளக் இல்லை. ரிப்பேர் கடையில் உள்ளே எல்லாவற்றையும் கழற்றி எடுத்த வெறும் கூடு. "சார், இது ஓடாது" என்று மூன்றே வார்த்தை சொன்னால் போதும். பெயிண்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் வீட்டுக்காரர் குடும்பத்தோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் நடுவில் அந்த மனிதரை எப்படி அவிழ்த்துக் காட்டுவது? ஆபீசுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஆபீசில் சொன்னாள்.

"நாங்க கண்ணால பாத்தோம் சிஸ்டர்," என்றார் தலைவர். "நான் தண்ணியே குடிச்சேன்."

"அது கடையில வாங்குன தண்ணி சார்."

"வீட்டுக்குப் பெயிண்ட் வேற அடிச்சிருக்காங்க. கஷ்டப்படுறவன் பெயிண்ட் அடிப்பானா?"

பெயிண்டர் வேறு எதை அடிப்பார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. தேவை இல்லை என்று கோப்பில் எழுதியாகிவிட்டது. மறுபடி விண்ணப்பிக்க ஆறு மாதம் ஆகவேண்டும். அவள் காலையும் மாலையும் தன் வீட்டுப் பிளாஸ்கில் ஐஸ் போட்டு மருந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சர்க்கரை இறங்கத்தான் செய்தது. ஆனால் முக்காலியில் நின்ற அந்த ஒரு பகல், புண்ணை எலும்புவரை திறந்துவிட்டிருந்தது. ஐந்தாவது வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

பார்க்கப் போனாள். பெயிண்டர் தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி வராந்தாவுக்குக் கூட்டிவந்தாள்.

"ஃபிரிட்ஜ் குடுக்கவாம்மா வந்தாங்க?"

"ஆமா."

"வீட்டக் காலி பண்ண வைக்கத்தான் யாரோ வர்றாங்கன்னு இவரு நெனச்சாரு. மரியாதையா இருந்தா விட்ருவாங்கன்னு..." அழவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் நீங்க."



அடுத்த மாதம், படுக்கைப் புண் வந்த ஓர் அம்மாளுக்குக் கட்டில் கேட்டு எழுதினாள். இந்த முறை எதையும் மிச்சம் வைக்கவில்லை. "வியாழக்கெழம வர்றாங்க. கட்டில் குடுக்கத்தான் வர்றாங்க. கடன் வாங்கி எதையும் உள்ள வெக்காதீங்க. வீடு இருக்கிறபடியே இருக்கட்டும்." அந்த அம்மாளின் மகன் நன்றி மிகுதியில் குழுத் தலைவரிடமே இதைச் சொல்லிவிட்டான்: "சிஸ்டர் முன்னாடியே எல்லாம் சொல்லிட்டாங்க சார்."

கட்டில் நின்றுபோனது. ரகசியத்தை வெளியிட்டதற்கு விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம் வந்தது. இதற்கு முன்பும் இப்படிச் செய்தது உண்டா என்றும் அதில் ஒரு கேள்வி இருந்தது.

"உண்டு," என்று எழுதினாள். "ஒருமுறை பாதி சொன்னேன்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாளின் முதுகுப் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போனாள். அந்த அம்மாள் தரையில்தான் படுத்திருந்தாள்.