நான்காம் விதியும் ஒரு கரடியும்

ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஏற்காட்டில் சில வேலைகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் குடில் போட்டிக்கு நடுவராகப் போவது அவற்றில் ஒன்று. தாலுகா அலுவலகத்தில் வாழ்நாள் முழுக்க விதிகளோடு குடும்பம் நடத்தியவள் என்பதால் என்னிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. முழங்கால் வலியோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். எல்லா வீட்டிலும் சேலத்துக் கடையில் வாங்கிய ஒரே தொழுவம், ஒரே மூன்று ராஜாக்கள், ஒரே ஒட்டகம். போட்டியின் நான்காம் விதியை மீற ஒருவரும் இல்லை. அந்த விதியை எழுதியவரே என் அப்பாதான். இருந்தும் சொல்கிறேன், அலுப்பாக இருக்கிறது.

அப்பா கரடியூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ரைட்டர். வேலைக்கு வந்த ஆட்களையும் பறித்த காப்பிப் பழத்தின் எடையையும் எழுதி எழுதி, எழுதியது மட்டும்தான் உண்மை என்ற நிலைக்கு வந்திருந்தார். எங்கள் தேவாலயப் பங்கில் எதற்கு விதி வேண்டுமென்றாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். ஒரு வருடம் யாரோ தொழுவத்து வாசலில் பிளாஸ்டிக் போலீஸ்காரரைக் காவலுக்கு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பிறந்ததுதான் நான்காம் விதி: வேதாகமத்துக்குப் புறம்பான உருவம் இருந்தால் அந்தக் குடில் போட்டியிலிருந்து நீக்கப்படும்.

எனக்கு எட்டு வயதிருக்கும். எங்கள் மண் ஒட்டகத்தை எலி உருட்டிவிட்டதில் கழுத்து தனியே வந்துவிட்டது. "செம்மண்ணுல ஒண்ணு செஞ்சு வை கண்ணு" என்று சொல்லிவிட்டு அப்பா வேலைக்குப் போய்விட்டார்.

நான் ஒட்டகத்தைப் பார்த்ததில்லை. கரடியையும் பார்த்ததில்லைதான். ஆனால் ஊர்ப் பெயரிலேயே கரடி இருந்ததால் அது எங்களுடையது என்று நினைப்பு. தவிர, குடிலில் விரித்த பாசி எங்கள் பாறையில் பெயர்த்தது. கூரை எங்கள் சில்வர் ஓக் இலை. ஆகவே இயேசு பிறந்ததும் எங்கள் மலையில்தான். சேலத்திலிருந்து அத்தனை கொண்டை ஊசி வளைவுகளை ஒட்டகம் எப்படி ஏறும்? கரடிக்கு வழி தெரியும். மண்ணைப் பிசைந்து, தேங்காய் நாரை ரோமமாக ஒட்டி, முதுகில் ஒரு ராஜாவை உட்கார வைத்தேன்.

சாயங்காலம் அப்பா குனிந்து பார்த்தார்.

"ஏங் கண்ணு, என்னது இது?"

"கரடிங்கப்பா. ராஜா இதுலதான் வந்தாரு."

"பைபிள்ல இயேசு பொறந்த எடத்துல கரடி எங்க வந்துச்சு? எடு, எடு. நாளைக்குப் போட்டிக்குச் சாமியாரு பாக்க வர்றாரு."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஒட்டகத்துல வந்தாங்கன்னும் எழுதலீங்களே. ஞானிங்க வந்தாங்கன்னுதான போட்டிருக்குது?"

அப்பா பைபிளை எடுத்து அந்தப் பகுதியைப் படித்தார். மறுபடியும் படித்தார். "வக்காலத்துக்கு ஆளு வேற" என்று முணுமுணுத்துக்கொண்டே மூடி வைத்தார். கரடியை எடு என்று அதற்கப்புறம் சொல்லவில்லை. இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் நான் ஒரு குட்டிக் கரடியையும் செய்து சேர்த்துவிட்டேன்.

மறுநாள் பங்குச் சாமியார் வந்தார். வாசலில் எஸ்டேட் லைன் வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். சாமியார் குனிந்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ரைட்டரே, இது என்னங்க?"

காப்பிப் பழத்தின் எடையை ஒரு நாளும் கூட்டியோ குறைத்தோ எழுதாத அப்பா சொன்னார்:

"ஒட்டகம்ங்க சாமி."

"கழுத்தக் காணமே?"

"படுத்திருக்குதுங்க. மலையேறுன களைப்பு."

எனக்குத் தாங்கவில்லை. எவ்வளவு பாடுபட்டு ஒட்டிய நார்! "பொய்யிங்க சாமி! அது கரடி. குட்டி கூட இருக்குது பாருங்க!"

வாசலில் யாரோ சிரித்தார்கள். சாமியார் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"கரடிதானுங்க" என்றார். "நாலாவது விதிப்படி எடுத்துருங்க."

"கரடியவா?"

"இல்லீங்க. எங்க ஊட்டுப் பேர."

மூன்று வருடமாக எங்கள் வீட்டுக்கே வந்துகொண்டிருந்த பரிசு, அந்த வருடம் வேறு வீட்டுக்குப் போனது. எனக்கு வருத்தமில்லை. ஒட்டகம் என்று சொன்னாரே என்ற கோபம் மட்டும் பொங்கல் வரை இருந்தது.

அடுத்த டிசம்பரில் பொம்மைப் பெட்டியைத் திறந்தபோது, ராஜாக்களுக்குப் பக்கத்தில் கரடியும் குட்டியும் வைக்கோல் சுற்றிப் பத்திரமாகப் படுத்திருந்தன. அப்பாவே எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். உதிர்ந்திருந்த நாரை ஒட்டும்படி என்னிடம் பசையை நீட்டினார். நான் ஒட்டி முடித்து, தலை வாரி, வாசலில் காத்திருந்தேன். சாமியார் எங்கள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார். அப்பா போட்டிக்குப் பெயரே கொடுக்கவில்லையாம்.

எதையும் மறக்காத மனிதர் இதைப் போய் மறந்துவிட்டாரே, பாவம், அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.