கிள்ளான் பஸ்ஸில் ஓர் ஒத்திகை

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த மகள், அடுத்த வாரம் கிள்ளானில் பெண்கள் இடைநிலைப்பள்ளியில், மலாய் மொழிக்குப் பழக்கும் ஓராண்டுப் புகுமுக வகுப்பில் சேர்கிறாள். எங்கள் ஊரான ஜெராமிலிருந்து தினமும் தனியாகப் பஸ் ஏற வேண்டும். அதனால் இன்று மதியம் ஒத்திகை பார்த்தோம்.

"நீ முன்னால உக்காரு, நான் பின்னால. என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காத," என்றேன்.

"சரிப்பா."

புதுப் புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான், சரியான இடத்தில் மணி அடிப்பாளா என்று அவளுடைய இரட்டைச் சடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடியலில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போய்வந்த அலுப்பு வேறு. வழியில் காப்பார் ஊரைத் தாண்டியது நினைவில்லை.

யாரோ தோளைத் தட்டினார்கள். கண்டக்டர். பஸ் பள்ளிக்கூடத்தின் முன்னால் நின்றிருந்தது. மகள் கீழே இறங்கிக் காத்திருந்தாள்.

"எறங்குங்கண்ணே. ஏறும்போதே ஒங்க மக சொல்லிருச்சு லா, அப்பா தூங்கிருவாரு, ஸ்கூல்கிட்ட எழுப்பி விடுங்கன்னு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "புள்ளைய தனியா அனுப்பலாம். ஒங்களத்தான் அனுப்ப முடியாது," என்கிறாள் மனைவி.

நீங்களும் அவள் பக்கம்தானா?